ஆல் வீல் டிரைவ் வண்டி மைலேஜ் கொடுக்கவில்லையா? அறிகுறியிலிருந்து தேடுங்கள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் ஆல் வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர்கள் பட்டறைக்கு வந்ததும் முதலில் சொல்வது "மைலேஜ் கொடுக்கலைங்க" என்பதுதான். நம் பக்கம் ஓடுபவை டஸ்டர் ஏ.டபிள்யூ.டி., எக்ஸ்.யூ.வி. 500, எக்ஸ்.யூ.வி. 700, கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப் போன்றவை. அசல் ஸ்டேஷன் வேகன் உடம்போடு நான்கு சக்கர இழுவையும் சேர்ந்த வால்வோ வி90 கிராஸ் கன்ட்ரி, மெர்சிடிஸ் இ-கிளாஸ் ஆல் டெரைன் எல்லாம் பெங்களூரிலிருந்து ஊருக்கு வருகிறவர்களிடம் எப்போதாவது பார்க்கலாம். எந்த வண்டியானாலும் தேடும் வரிசை ஒன்றுதான். முதலில் மைலேஜை அளந்த விதம் சரியா, அப்புறம் டயர், அப்புறம் சக்கரம் தடையில்லாமல் உருளுகிறதா. இந்த மூன்றையும் பார்க்காமல், எரிபொருளை இன்ஜினுக்குள் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழற்றச் சொல்லாதீர்கள். பெரும்பாலான வண்டிகள் இந்த மூன்றுக்குள்ளேயே சரியாகிவிடுகின்றன.

முதலில்: உண்மையிலேயே குறைந்திருக்கிறதா?

டேஷ்போர்டில் தெரியும் எண்ணை நம்பி முடிவு எடுக்க வேண்டாம். ஒரே பங்க், ஒரே பம்ப், நாசில் தானாக ஒருமுறை நிற்கும் வரை நிரப்புங்கள். அதற்கு மேல் வண்டியை ஆட்டி ஆட்டி ஊற்றக் கூடாது. டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு, பாதி டேங்குக்கு மேல் ஓட்டிவிட்டு, அதே பம்பில் அதே மாதிரி நிரப்புங்கள். 512 கி.மீ. ஓடி 38.4 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 13.3. அதுதான் உங்கள் மைலேஜ்.

இந்த ஓட்டம் போய்த் திரும்பி வந்ததாக இருக்க வேண்டும். நம் மாவட்டங்களில் இதைக் கட்டாயம் கவனிக்கணும். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டரை ஒட்டி, கிருஷ்ணகிரி சுமார் 500, ஓசூர் சுமார் 880. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் 50 கி.மீ. சொச்சத்தில் வண்டி 380 மீட்டர் ஏறுகிறது. 1,700 கிலோ எடையுள்ள டீசல் வண்டிக்கு அந்த ஏற்றத்துக்கு மட்டும் ஏறக்குறைய அரை லிட்டர் கூடுதலாகச் செலவாகும். போய்வந்த சராசரி 15 கொடுக்கும் வண்டி, போகும்போது 13 என்றும் திரும்பும்போது 17 என்றும் காட்டினால் அது இயல்பு, கோளாறு இல்லை. ஓசூர் போய்ச் சேர்ந்ததும் மீட்டரைப் பார்த்துவிட்டு நேராகப் பட்டறைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று, எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பது. பக்கத்து வீட்டுக்காரரின் டூ வீல் டிரைவ் வண்டியோடு ஒப்பிடாதீர்கள். கிராண்ட் விட்டாராவில் அதே 1.5 லிட்டர் இன்ஜின், அதே மேனுவல் கியர்பாக்ஸ். சான்றிதழ் அளவு டூ வீல் டிரைவுக்கு 21.11, ஆல்கிரிப்புக்கு 19.38. அதாவது 8 சதவீதம் குறைவு. பின்னால் கிரவுன் (பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி), அதுவரை போகும் நீளமான ஷாஃப்ட், கூடுதல் எடை எல்லாம் இருக்கும்போது அது போகத்தான் செய்யும். உங்கள் வண்டி போன வருடம் எவ்வளவு கொடுத்தது, இப்போது எவ்வளவு என்பதுதான் கேள்வி.

போய்வந்து இரண்டு முறை அளந்தும் 10 சதவீதத்துக்கு மேல் குறைவு என்றால், சரி, கீழே படியுங்கள்.

அறிகுறி: டயர் மாற்றியதிலிருந்து குறைந்துவிட்டது

எங்களிடம் அதிகம் வருவது இதுதான். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் பெரிய செலவில் கொண்டுபோய் விடுவதும் இதுதான். அதனால் பொறுமையாகப் பாருங்கள்.

காற்று. காலையில், வண்டி ஓடுவதற்கு முன்னால், டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குப் பிடியுங்கள். பஞ்சர் கடையில் கேட்காமலே ஓர் அளவை வைத்துவிடுவார்கள். முன்னுக்கும் பின்னுக்கும் வேறு அளவு இருந்தால் அதைச் சொல்லிப் பிடிக்கச் சொல்லுங்கள். மாங்காய் சீசனில் டிக்கி நிறையக் கூடை ஏற்றினால் அதே ஸ்டிக்கரில் உள்ள முழுச்சுமை அளவு வேண்டும். ஹைவேயில் ஓடி வந்த சூட்டில் அளந்தால் சில பி.எஸ்.ஐ. கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

சைஸ் மாறியிருக்கிறதா? 215/65 ஆர்16 இருந்த இடத்தில் 225/70 ஆர்16 போட்டால் டயரின் விட்டம் சுமார் 5 சதவீதம் பெரிதாகிறது. சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகும், ஆனால் ஓடோமீட்டர் பழைய கணக்கிலேயே எண்ணும். 500 கி.மீ. என்று காட்டினால் உண்மையில் 525 ஓடியிருப்பீர்கள். கைப்பேசியில் ஜி.பி.எஸ். போட்டு 20 கி.மீ. ஓட்டிப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். குறைந்த மைலேஜில் பாதி இந்தக் கணக்கில் தொலைந்ததாக இருக்கும். மீதி, கனமான, பட்டை பெரிதான டயர் உண்மையாகவே தின்பது. பழைய சைஸுக்குத் திரும்பினால் இரண்டும் சரியாகும்.

இரண்டு டயர் மட்டும் மாற்றினீர்களா? அப்படியானால் இங்கேயே நில்லுங்கள். புது டயரில் பட்டன் ஆழம், அதாவது மேல்பட்டையில் உள்ள பள்ளத்தின் ஆழம், 8 மி.மீ. அளவில் இருக்கும். பாதி தேய்ந்ததில் 4. இந்த 4 மி.மீ. வித்தியாசம் சுற்றளவில் 25 மி.மீ. ஆகிவிடும். முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்தில் சுற்றாமல், நேர்ச்சாலையிலும் இரண்டு ஆக்சிலையும் இணைக்கும் கப்ளிங் ஓயாமல் வழுக்கிக்கொண்டே ஓடும். மைலேஜ் போவது அந்தச் சூட்டில்தான். கொஞ்ச நாளில் கப்ளிங்கும் போகும். சுபாரு தன் வண்டிகளுக்கு நான்கு டயருக்கும் சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. பட்டன் ஆழத்தில் பார்த்தால் அது வெறும் 1 மி.மீ. உங்கள் வண்டியின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் இந்த அளவை வைத்துக்கொள்வது பத்திரம்.

சோதிக்கத் தையல்காரர் டேப் போதும். நான்கிலும் காற்றைச் சமமாகப் பிடித்து, ஒவ்வொன்றாக ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரின் நடுப்பட்டையைச் சுற்றி அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வித்தியாசம் அதிகம் இருந்தால் வழி இரண்டுதான். நான்கையும் மாற்றுவது, அல்லது தேய்ந்த அளவுக்கு ஒத்துவரும் அதே கம்பெனி, அதே மாடல் டயரைத் தேடிப் போடுவது. பர்கூர் பக்கம் கிரானைட் குவாரிச் சாலையில் போய்வருகிறவர்களுக்கு ஒரு டயர் மட்டும் பக்கவாட்டில் கிழிவது சகஜம். அவர்கள் இதற்காகவே 10,000 கி.மீ.க்கு ஒருமுறை ஸ்டெப்னியையும் சேர்த்துச் சுழற்சியில் விட்டால் ஐந்தும் ஒன்றாகத் தேயும். ஸ்டெப்னி ஒல்லியான தற்காலிக டயராக இருந்தால் அது பஞ்சர் கடை வரைக்கும்தான். அதோடு சேலம் போய்வரக் கூடாது.

டயர் மாற்றிய கையோடு அலைன்மென்ட் பார்த்தீர்களா என்பதையும் கேளுங்கள். முன் சக்கரம் இரண்டுக்கு மட்டும் பார்த்து அனுப்பும் கடைக்கு இந்த வண்டியைக் கொண்டுபோகாதீர்கள், நான்குக்கும் பார்க்க வேண்டும்.

அறிகுறி: ஆக்சிலரேட்டரில் காலை எடுத்ததும் வண்டி சீக்கிரம் நின்றுவிடுகிறது

சமமான சிமென்ட் தளத்தில் வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, இரண்டு பேர் தள்ளுங்கள். ஸ்டியரிங்கில் ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும். உருள வேண்டும். உருளவில்லை என்றால் எங்கேயோ பிடிக்கிறது. எங்கே?

முன், பின் சக்கரங்களைச் சேர்த்துப் பூட்டும் லாக் பட்டன் அல்லது மோடு. வத்தல்மலை ஏறும்போதோ, அஞ்செட்டி காட்டுச் சாலையில் சேற்றில் சிக்கியபோதோ லாக் போட்டுவிட்டு அப்படியே மறந்திருப்பார்கள். டஸ்டரில் திருகு குமிழைத் திருப்பி டூ வீல் டிரைவில் வையுங்கள், கிராண்ட் விட்டாராவில் ஆட்டோவில். ஸ்கார்ப்பியோ-என் 4 எக்ஸ்புளோர் மாதிரி 2ஹெச் (இரு சக்கர இழுவை), 4ஹெச் (நான்கு சக்கர இழுவை) உள்ள வண்டியைக் காய்ந்த தார்ச் சாலையில் 4ஹெச்சில் ஓட்டவே கூடாது. செலவே இல்லாத காரணம் இது, அதனால் முதலில் இதைப் பாருங்கள்.

பிரேக். திறந்த சாலையில் 10 கி.மீ. ஓட்டி, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் தானாக வேகம் குறையவிட்டு நிறுத்துங்கள். டிஸ்க்கைத் தொடாதீர்கள், கை வெந்துவிடும். புறங்கையை ரிம்முக்குப் பக்கத்தில் நீட்டி இடது, வலது சூட்டை ஒப்பிடுங்கள். தூரத்திலிருந்து சூடு காட்டும் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால், பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் கேலிபரின் பின் துருப்பிடித்து இறுகியிருக்கும். கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தால் பல நேரம் தீர்ந்துவிடும். பின் சக்கரம் இரண்டும் சூடு என்றால் ஹேண்ட் பிரேக் கேபிளைச் சந்தேகியுங்கள். மலைச்சரிவில் வீடு இருந்து, ராத்திரி முழுக்க ஹேண்ட் பிரேக்கை இறுக்கி வைப்பவர்களுக்கு இது வரும்.

பேரிங். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினால் கரகரவென்று சத்தம், 12 மணி, 6 மணி நிலையில் பிடித்து ஆட்டினால் ஆட்டம். ஓட்டும்போது வேகத்தோடு ஏறும் ஊளைச் சத்தம் இருக்கும். பேரிங் மாற்றுவதை அழுத்தும் மெஷின் உள்ள பட்டறையில் விடுங்கள். சுத்தியலால் தட்டி ஏற்றினால் சீக்கிரமே திரும்ப வரும்.

ஜாக்கி வைக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஒன்றோ இரண்டோ சக்கரத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இன்ஜினை ஓடவிட்டு கியர் போடவே கூடாது. டூ வீல் டிரைவில் பழகிய கைக்கு இது சாதாரணமாகத் தெரியும். இந்த வண்டியில் தரையில் இருக்கும் சக்கரம் இழுத்து, வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிடும். இன்ஜினை அணைத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, கையால் மட்டும் சுற்றிப் பாருங்கள். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் சக்கரம் கொஞ்சம் கனமாகத்தான் சுற்றும். கனம் இடது பக்கமும் வலது பக்கமும் ஒன்றுபோல இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

கிரவுன் ஆயிலும் டிரான்ஸ்ஃபர் ஆயிலும். வழக்கமான சர்வீஸில் அடிக்கடி விட்டுப்போவது இது. அதே மாடலின் டூ வீல் டிரைவில் இந்த இரண்டும் கிடையாது என்பதால் சர்வீஸ் பையனுக்கு ஞாபகத்திலேயே வராது. பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்து அனுப்பும், முன்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டியில் பல வண்டிகளில் ஒரு லிட்டர்கூடப் பிடிக்காது. கொஞ்சம் கசிந்தாலே காய்ந்துவிடும். அடியில் படுத்து எண்ணெய்ப் பசை தெரிகிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் தென்பெண்ணை தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும்போது இறக்கி ஓட்டியிருந்தால், கிரவுன் ஆயிலை ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது, உடனே மாற்றணும். கையேட்டில் உள்ள அதே ரக ஆயில்தான் ஊற்றணும். "எல்லா கிரவுனுக்கும் ஒரே ஆயில்தாண்ணா" என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கடைசியாகத்தான் கப்ளிங். டூ வீல் டிரைவ் மோடில் நேர்ச்சாலையில் ஓட்டிய பிறகும், டயர் அளவெல்லாம் சரியாக இருந்தும், பின் கிரவுனுக்கு முன்னால் உள்ள கப்ளிங் கூடு மட்டும் தனியாகச் சுடுகிறது என்றால் அது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஹால்டெக்ஸ் வகை கப்ளிங்குக்குத் தனி ஆயிலும் வடிகட்டியும் உண்டு, முதலில் அதை மாற்றிப் பார்க்கலாம். அதற்கும் அசையவில்லை என்றால், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும், இந்த மாடலைப் பிரித்த அனுபவம் உள்ள பட்டறைக்குத்தான் போகணும். கப்ளிங்கை மாற்றுவது லேசான செலவு இல்லை. அதனால் மேலே சொன்ன எல்லாவற்றையும் முடித்துவிட்டோம் என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

அறிகுறி: பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் வண்டி இழுத்துப் பிடிக்கிறது

லாக் மோடு, டயர் அளவு வித்தியாசம், கப்ளிங் ஆயில், கப்ளிங் என்ற வரிசையில் மேலே சொன்னதையே செய்யுங்கள். கூடவே "டக் டக்" என்று சத்தம் வந்தால் ஆக்சிலின் ரப்பர் உறை (பூட்) கிழிந்து உள்ளே இருக்கும் ஜாயின்ட் போயிருக்கலாம். அது மைலேஜைத் தொடாது, ஆனால் வழியில் நிறுத்திவிடும்.

அறிகுறி: ஹைவேயில் மட்டும் குறைவு

முதல் காரணம் வேகம். 80லிருந்து 100க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியைத் தாண்டியதும் எல்லோரும் அழுத்துகிறோம். ஒரு போய்வரும் ஓட்டத்தை 80லேயே ஓட்டி அளந்து பாருங்கள். மைலேஜ் பழைய இடத்துக்கு வந்துவிட்டால் வண்டியில் ஒன்றும் இல்லை.

இரண்டாவது, கூரை மேல் கேரியர். காலியாக இருந்தாலும் தின்னும். மேலே பெட்டி கட்டிக்கொண்டு மணிக்கு 105 முதல் 120 கி.மீ. வேகத்தில் போனால் 10 முதல் 25 சதவீதம் வரை போகலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள்.

தொப்பூர் கணவாயைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். தர்மபுரியிலிருந்து சேலம் இறங்கும்போது டீசல் மிச்சம் பிடிக்கலாம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இன்றைய இன்ஜின்களில் கியரில் இருந்தபடி காலை எடுத்தால் எரிபொருள் போவது அடியோடு நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் ஐடிலில் ஓட டீசல் குடிக்கும். அதாவது மிச்சமும் இல்லை, பிரேக் மட்டும் பழுக்கும். அந்த இறக்கத்தில் எத்தனை உயிர் போயிருக்கிறது என்று நம் இரண்டு மாவட்டத்திலும் தெரியாதவர்கள் கிடையாது.

இதெல்லாம் இல்லாமல், ஹைவேயில்கூடச் சூட்டு முள் நடுவுக்கு வராமல் கீழேயே நிற்கிறதா? இன்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. இன்ஜின் எப்போதும் குளிராகவே இருப்பதாக நினைத்து எரிபொருள் கூடுதலாகப் போகும். தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் மார்கழிக் காலையில் இது நன்றாகத் தெரியும். விலை குறைந்த பாகம்தான், மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: ஊருக்குள் மட்டும் மிக மோசம்

பஸ் ஸ்டாண்டுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டி எதுவானாலும் குறைவாகத்தான் கொடுக்கும். ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு நின்றபடி காத்திருப்பதையும் கணக்கில் சேருங்கள்.

பி.எஸ்.6 டீசலில் ஒரு தனிப் பிரச்சினை உண்டு. புகைக் கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி, கரி சேர்ந்ததும் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்குக் கூடுதல் டீசல் போகும். குட்டி ஓட்டமாகவே ஓட்டி, எரித்து முடிப்பதற்குள் நிறுத்திவிட்டால் அடுத்த முறை திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். நின்ற பிறகும் ஃபேன் வேகமாகச் சுற்றுவது, ஐடில் கொஞ்சம் ஏறியிருப்பது, கருகிய வாசனை ஆகியவை அடையாளம். வாரத்துக்கு ஒருமுறை ஹைவேயில் அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். டி.பி.எஃப். விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலோ, டிப் ஸ்டிக்கில் இன்ஜின் ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டியிருந்தாலோ ஓட்டாதீர்கள். டீசல் இறங்கி ஆயிலோடு கலந்திருக்கும். அந்த வேலை சர்வீஸ் சென்டருக்குத்தான்.

அறிகுறி: கரும்புகை, ஏற்றத்தில் இழுவை இல்லை

ஏர் ஃபில்டர். குவாரி லாரிகளுக்குப் பின்னால் ஓடும் வண்டிக்குக் கையேட்டில் உள்ள கி.மீ. கணக்கு செல்லாது. பெட்டியைத் திறந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் வராவிட்டால் புதிது போடுங்கள். இன்றைய பெட்ரோல் வண்டியில் ஃபில்டர் அடைத்தால் இழுவைதான் குறையும், மைலேஜ் பெரிதாக மாறாது. டீசலில் புகையோடு சேர்ந்து தெரியும்.

டர்போ குழாய். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது "உஸ்" என்ற சத்தமும் கரும்புகையும் சேர்ந்து வந்தால் டர்போவிலிருந்து, காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாய் கிழிந்திருக்கும். மடிப்புகளில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தாலே பிடித்துவிடலாம்.

இரண்டும் சரியாக இருந்தால் அடுத்தது ஸ்கேனர். காற்று அளக்கும் சென்சார், புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர். வால்வு, பெட்ரோல் என்றால் ஆக்சிஜன் சென்சாரும் ஸ்பார்க் பிளக்கும். பெட்ரோல் வண்டியில் லாங் டெர்ம் ஃபியூல் டிரிம் என்ற எண்ணை, அதாவது கம்ப்யூட்டர் எரிபொருளை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ விடுகிறது என்பதைக் காட்டச் சொல்லுங்கள். 10 சதவீதத்தைத் தாண்டி ஒரே பக்கமாக நின்றால் காரணம் தேடணும். இன்ஜெக்டரைக் கழற்றும் பேச்சு இதற்குப் பிறகுதான் வர வேண்டும். அதையும் டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் இடத்தில் சோதித்து, ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகு மாற்றுங்கள்.

அறிகுறி: பெட்ரோல் வண்டி, வேறு எந்தக் குறையும் இல்லை, ஆனால் குறைந்திருக்கிறது

பழைய வண்டியாக இருந்தால் எரிபொருளே காரணமாக இருக்கலாம். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 2021இல் வந்த நிதி ஆயோக் குழுவின் அறிக்கையிலேயே, கலப்பில்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்கு டியூன் செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த அளவுக்குள் குறைவு இருந்தால் பட்டறையில் தீர்க்க ஒன்றும் இல்லை. "டியூனிங் பண்ணித் தரேன்" என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டியென்றால் எரிபொருள் குழாய், சீல் எல்லாம் கசிகிறதா என்று சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள், அது போதும்.

பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டி வந்தால்

முன் சக்கரத்தை மட்டும் தூக்கி, பின் சக்கரம் தரையில் உருள இழுத்துப் போகும் வண்டியை அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். நன்றாக இருந்த கப்ளிங்கும் அந்தப் பயணத்தில் கெட்டுவிடும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் வேண்டும் என்று, வண்டி ஆல் வீல் டிரைவ் என்பதையும் சேர்த்து, போனிலேயே சொல்லுங்கள்.